உள்ளான் தெரிந்தால் போதும்

கடைப் பையன் மூன்று பைனாகுலரை எடுத்து மேசையில் பரப்பினான். எட்டுக்கு நாற்பத்திரண்டு, பத்துக்கு நாற்பத்திரண்டு, சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டி ஒன்று. "என்னத்தப் பாக்கிறதுக்கு மேடம்?" என்று கேட்டான். குருவி பார்ப்பதற்கு என்றேன். சொன்ன மாத்திரத்தில் என் குரல் தானாகத் தணிந்தது, தலை தானாகத் திரும்பி வாசலைப் பார்த்தது. வாசலில் ஒரு முச்சக்கரவண்டி, ஒரு நாய், திருகோணமலையின் பதினொரு மணி வெயில். வேறு யாருமில்லை. பையன் கண்ணாடி அணிபவர்களுக்காக ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே தள்ளும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். என் மூக்குக்கண்ணாடியை அவன் கவனித்திருக்கிறான். நல்ல பையன். ஆனாலும் இவன் ஏன் இவ்வளவு கவனிக்கிறான் என்று ஒரு கணம் நினைத்தேன். இந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சந்தேகம் பால்பல்லோடு சேர்ந்து முளைத்தது. விழுந்து எத்தனையோ வருடமான பிறகும் நாக்கு அந்த இடத்தைத் தேடிப் போகிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்கள் அவை. ஓய்ந்திருக்கிறது என்று வானொலி சொன்னது, உண்மையாகவா என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீடு உள்துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருந்தது. பின்வளவின் வேலியைத் தாண்டினால் பாறை விளிம்பு. கீழே சேற்றுத்திடல், அதற்கப்பால் துறைமுகத் தண்ணீர், தண்ணீருக்கப்பால் இரண்டு மலைமுனைகள், அவற்றின் இடுக்கில் கொட்டியாரக் குடாவின் ஒரு துண்டு, கிழித்து ஒட்டிய நீலக் கடதாசிபோல. அந்தத் துண்டின் ஊடாகத்தான் மூதூர் லோஞ்ச், சனம் ஏற்றும் மோட்டார்ப் படகு, போகும், வரும்.

அந்த லோஞ்சில் அம்மா போனாள். ஆசிரியர்கள் சில வருடம் கஷ்டப் பிரதேசத்தில் படிப்பித்தே ஆகவேண்டும் என்பது விதி; அம்மாவுக்கு மூதூருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. திங்கள் விடிய முதல் லோஞ்ச், வெள்ளி பின்னேரம் திரும்பும் லோஞ்ச், இடையில் நான்கு இரவுகள் அங்கே இன்னொரு ரீச்சரின் வீட்டில். அப்பா போகவேண்டாம் என்றார். மேலிடத்தில் யாரையாவது பிடித்து மாற்றிவிடலாம் என்றார். ஒருவரையும் பிடிக்காமல் எடுத்த உத்தியோகம், ஒருவரையும் பிடிக்காமலே செய்யிறன் என்றாள் அம்மா.

"அப்ப போம். ஆனா லோஞ்ச் ஜெட்டிக்கு வந்து உம்மை ஏத்திவிடவும் மாட்டன், இறக்கவும் வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

அப்பா கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். எழுதியதை வெட்டித் திருத்துவது அவருக்குப் பிடிக்காது, சொன்னதும் அப்படித்தான். திங்கட்கிழமைகளில் அம்மா தன்னந்தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு மேடு இறங்கினாள். வெள்ளிக்கிழமைகளில் தன்னந்தனியாக ஏறி வந்தாள். அவள் உள்ளே நுழையும்போது அப்பா கதிரையில் பேப்பரோடு இருப்பார், தலையை எடுக்கமாட்டார். மேசையில் தேத்தண்ணி மட்டும் ஊற்றி மூடி வைத்திருக்கும்.

மூன்றாம் கிழமை, காய்ச்சல் பிடிப்பதுபோல, அப்பாவுக்குக் குருவி பிடித்தது.

மத்தியானச் சாப்பாட்டில் அதை அறிவித்தார். அம்மா இல்லாத நாட்களில் சமைத்துத் தர வந்த மாமி, அப்பாவின் அக்கா, அடுத்த வளவுக்காரி, சொதியை அகப்பையில் எடுத்தவள் எடுத்தபடியே நின்றாள்.

"பைனாகுலர் ஒண்டு வாங்கப்போறன். குருவி பாக்க."

"மெல்லமாக் கதை, தம்பி!"

எங்கள் தெருவில் அந்தப் பொருளின் பெயரை ஒருவரும் வாயால் சொல்வதில்லை. 'அந்தச் சாமான்' என்பார்கள். துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் அந்தச் சாமானோடு நிற்கிறவனிடம் எதைப் பார்க்கிறாய் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. முதலில் ஏற்றிக்கொண்டு போவார்கள், கேள்வி பிறகு. இது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி, எனக்குத் தெரிந்திருந்தது.

"நாப்பது வயசுமட்டும் காகத்துக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்," என்றாள் மாமி, சொதியைச் சோற்றின்மேல் விடுவதற்குப் பதிலாகக் கோப்பையின் விளிம்பில் விட்டபடி. "குருவியாம்."

அப்பா கைகழுவப் போனதும் என் காதருகே குனிந்தாள். "எடியே, கொப்பர் ஆருக்கோ கப்பல் எண்ணிக் குடுக்கப்போறார். நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாத."

நான் சொல்லவில்லை. சொல்லாத வார்த்தை வயிற்றுக்குள் கிடந்து முளைத்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மா எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். சிக்கை எடுக்கும் நேரத்தில் அவள் சிக்கலான கேள்விகளைக் கேட்பது வழக்கம். பிள்ளை எழும்பி ஓட ஏலாது.

"அப்பாக்கு என்ன திடீரெண்டு குருவிப் பைத்தியம்?"

"தெரியாது."

"நான் இல்லாத நாளில எங்க போறார், ஆரோட கதைக்கிறார் எண்டு பாத்து வை. எனக்கு மட்டும் சொல்லு."

இப்படியாக அந்த வீட்டில் மாமி அப்பாவைச் சந்தேகித்தாள், அம்மா அப்பாவைச் சந்தேகித்தாள், நான் அம்மாவின் ஒற்றராக நியமனம் பெற்றேன். முதல் உத்தியோகம். ஓய்வூதியம் இல்லாதது.

அப்பா எதையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதுதான் என்னை மேலும் கலக்கியது. எங்கள் தெரு வளைவில் மணல்மூட்டை அடுக்கிய கடற்படைச் சென்றி ஒன்று இருந்தது. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அங்கே போனார். பிள்ளையோடு போகிற ஆளைச் சத்தம்போட மாட்டார்கள் என்பது ஊர்க்கணக்கு. காவலில் நின்றவன் முகம் நிறையப் பருவோடு ஒரு சிங்களச் சின்னவன். தமிழைக் கல்லுக் கல்லாகப் பொறுக்கி அடுக்கிப் பேசுவான். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றான். இரண்டு நாளில் பதில் சொன்னான்.

"மாத்தயா, வாங்கலாம். முதல் இங்க கொண்டுவா. நாங்க பாக்கிறது. ஜெட்டில நிக்கிற கப்பல், அதில நம்பர் வாசிக்க ஏலுமெண்டா, சாமான் எங்கட." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தான். "மாத்தயாவும் கொஞ்ச நாள் எங்கட."

"எனக்குக் கப்பல் என்னத்துக்குத் தம்பி," என்றார் அப்பா. "உள்ளான் தெரிஞ்சாப் போதும்."

உள்ளான் என்ற சேற்றுக்குருவியின் பெயரை அதற்கு முன் அவர் வாயில் நான் கேட்டதில்லை.

துறைமுக வீதியில் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் நானா ஒருவர் கடை வைத்திருந்தார். கப்பல்களில் கழித்த சாமான்கள்: பித்தளை விளக்கு, மணிக்கூடு, முழங்கைத் தடிப்பில் கயிறு, ஒருவரும் அணிந்து தப்பியிராத உயிர்காப்புச் சட்டைகள். அப்பா காதோடு காதாகக் கேட்டதும் நானா கடையின் அரைக் கதவைச் சாத்தினார், பின்னால் போனார், பிஸ்கட் தகரத்துக்குள் கையை விட்டு மூன்றை எடுத்தார். சண்டைக் காலமெல்லாம் அவை அரிசி மூட்டைக்குள் இருந்தனவாம். ஒன்றின் குழாய்க்குள் ஒரு அரிசி உண்மையாகவே கிலுகிலுத்தது.

"குருவி பாக்கவா சேர்?" நானா அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மீண்டும் அப்பாவை. "குருவி பாக்கிற ஆளுக்கு இம்மட்டு அவசரம் என்னத்துக்கு? குருவி நாளைக்கும் பறக்கும்."

அரிசி கிலுகிலுத்த சாமான் உடனேயே ஒதுங்கியது. அதன் வில்லைக்குள் பூஞ்சணம் பாசிபோலப் படர்ந்திருந்தது. மிச்சம் இரண்டு. ஒன்று பெரியது, கறுப்பு, எருமைக்கன்றின் கனம், கழுத்தில் போட்டால் கழுத்து முன்னுக்கு வரும். ஏதோ ஒரு நாட்டுக் கப்பலில் உலகம் சுற்றியது. மற்றது சின்னது, கறுப்பு உரிந்து பித்தளை தெரிந்தது, நடுத்திருகு பல்லுப்போன கிழவன்போல வழுக்கியது. அப்பா இரண்டையும் கதவிடுக்கால் வெளியே நீட்டிப் பார்த்தார். வானத்தில் பருந்து சுற்றிக்கொண்டிருந்தது, மின்கம்பியில் காகம் இருந்தது. அவர் பார்த்தது கடலை. நானாவும் அதைக் கண்டார்.

"சேர், குருவி மேல."

வீட்டில் வைத்துப் பார்த்துத் தெரிவு செய்ய ஒரு நாள் தவணை தந்தார், அடமானமாக அப்பாவின் சைக்கிளை வைத்துக்கொண்டார். உமல் பையின் அடியில் இரண்டு சாமான், மேலே நானா தந்த வல்லாரைப் பிடிகள். சென்றியைக் கடக்கும்போது அப்பா என் பள்ளிக்கூடப் பாடங்களைப் பற்றிக் கேட்டார். பெருக்கல் வாய்பாடு சொல்லச் சொன்னார். நான் ஏழாம் வாய்பாட்டைப் பிழையாகச் சொன்னேன். அவர் திருத்தவில்லை. பிழை திருத்தாத அப்பாவை அன்றுதான் முதல்முதல் கண்டேன்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் அவர் குந்தியிருந்ததை வாழைமறைவில் நின்று பார்த்தேன். பக்கத்தில் மூடி திறந்த தேங்காயெண்ணெய்ப் போத்தல். பஞ்சில் ஒரு துளி தொட்டு, பெரியதின் முன்கண்ணாடியில் குழந்தைக்கு மை இடுவதுபோல மெதுவாகத் தேய்த்தார். கண்ணில் வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு பழைய வேட்டித்துண்டால் பளிச்சென்று துடைத்தார், மீண்டும் பார்த்தார், மீண்டும் தலையாட்டினார்.

எனக்கு விளங்கிவிட்டது. எண்ணெய் பூசிச் சென்றியில் காட்டுவார். எல்லாம் மங்கலாகத் தெரியும். அவர்கள் சரி என்பார்கள். வீட்டுக்கு வந்து துடைத்துவிடுவார். காகத்தையும் குயிலையும் அறியாத, அலுவலகப் பேனையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத என் அப்பா. மாமி சொன்னது சரி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு மணிக்கூடு லீவு கேட்டாலே முகம் சிவக்கும் மனிதர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். என்னை வேலிக்கு அப்பால் பாறை விளிம்புக்குக் கூட்டிப்போனார். ஒரு பூவரசின் மறைவு. திடலில் தண்ணீர் வற்றியிருந்தது. சின்னச் சின்னச் சாம்பல் பறவைகள் சேற்றைக் குத்திக் குத்தி ஓடின, தவறவிட்ட ஊசியைத் தேடுவதுபோல.

அப்பாவின் மூக்குக்கண்ணாடி தடித்தது. அதைக் கழற்றாமலே சாமானைக் கண்ணில் வைத்தார். வைத்தால் ஒரு சதக் காசளவு வட்டம்தான் தெரிந்தது, சுற்றிலும் இருட்டு. கழற்றிவிட்டுத் திருகைத் திருப்பலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் தெரியாது.

"என்ர கண்ணை நம்பேலாது பிள்ளை. உன்ர கண்தான் கண். நீ பாத்துச் சொல்லு."

சின்னதில் முதலில் பார்த்தேன். உலகம் ஒரு அடி எடுத்து முன்னால் வைத்தது, அவ்வளவுதான். உள்ளான்கள் கொஞ்சம் கொழுத்தன. துறைமுகத்தைத் தாண்டினால் எல்லாம் கஞ்சி.

பிறகு பெரியது.

அந்தக் கணத்தை எப்படிச் சொல்ல. குடா எழுந்து என் முகத்துக்கு வந்தது. இரண்டு முனைகளுக்கு நடுவே இருந்த நீலக் கடதாசி திடீரென்று தண்ணீர் ஆனது, அலை ஆனது, அலையின் முதுகில் வெயில் உடைவதைக் கண்டேன். அதற்குள் லோஞ்ச் வந்துகொண்டிருந்தது. கூரையில் கட்டிய சாக்குகள், பக்கக் கம்பியைப் பிடித்த கைகள், ஒரு பெண்பிள்ளையின் பறக்கும் முந்தானை. அம்மா வரும் லோஞ்ச் என்பது எனக்குத் தெரியும். அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு காவல் படகு, அதன் மூக்கில் வெள்ளையாக எண். ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க முடிந்தது.

"லோஞ்ச் தெரியுதா?" அப்பாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. "எவ்வளவு தூரத்துக்குத் தெரியுது? ஆக்கள் தெரியினமா? ஆளையாள் அடையாளம் பிடிக்க ஏலுமா?"

குருவி பார்க்கப்போகிற ஆள் கேட்கிற கேள்வியா இது? உள்ளான்கள் எங்கள் காலடியில் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவற்றை அவர் ஒருமுறையாவது பார்த்தாரா?

அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். எண்ணெய்ப் போத்தலோடு சேர்த்து.

"ஒண்டும் தெரியேல்லை அப்பா," என்றேன். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. தலை சுத்துது."

"துடைச்சுப் பார்."

துடைத்தேன். பார்த்தேன். லோஞ்சின் முன்பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டதுகூடத் தெரிந்தது.

"இல்லை அப்பா. சின்னனில கொஞ்சம் தெரியுது. இது பழுது."

அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி, தன் காசளவு வட்டத்துக்குள் ஒருமுறை தேடினார். பிறகு தோல்வாரை அதன் உடம்பில் மெதுவாகச் சுற்றினார், தூங்கிவிட்ட பிள்ளைக்குப் போர்த்துவதுபோல. உன்ர கண்தான் கண் என்று சொன்னவர், அந்தச் சொல்லையும் வெட்டித் திருத்தவில்லை. அன்று பின்னேரமே பெரியது நானாவிடம் போனது. சைக்கிள் வீட்டுக்கு வந்தது.

சின்னதைச் சென்றியில் காட்டினோம், எண்ணெய் பூசாமல். பருமுகக்காரன் ஜெட்டிப் பக்கம் பிடித்துப் பார்த்தான், இறக்கினான், தலைகீழாகப் பிடித்தும் பார்த்தான். "மாத்தயா, இது என்ன, சோடாப் போத்தலா?" ஆனால் ஒரு நிபந்தனை வைத்தான்: பார்க்கிற குருவியை ஒரு கொப்பியில் எழுதவேண்டும், எழுதியதைச் சென்றியில் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். அப்பாவுக்குக் கொப்பி என்றால் போதும். மட்டை போட்டு, ஓரம் கோடிட்டு, முதல் வரி எழுதினார்: திங்கள், காலை, உள்ளான், பதினான்கு.

நான் உள்ளூர மகிழ்ந்தேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன். இனி அவர் எவ்வளவு எண்ணினாலும் அந்தக் கண்ணாடிக்குள் கப்பல் ஏறாது.

குருவி பார்க்கும் நாட்கள் இரண்டு: திங்கள் விடிய, வெள்ளி பின்னேரம். மற்ற நாட்களில் சாமான் அலுமாரிக்குள் தூங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடும்போது பருமுகக்காரன் கொப்பியின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினான்.

"மாத்தயா, இந்தக் குருவி திங்கக்கிழமை, வெள்ளிக்கிழமை மட்டும்தான் வாறதா?"

அகப்பட்டுவிட்டோம்.

அப்பா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். "ஓம் தம்பி. அது அரசாங்க உத்தியோகக் குருவி."

அவன் முதலில் விழித்தான். பிறகு துவக்கின் வார் தோளிலிருந்து நழுவும்வரை சிரித்தான். எதற்கு இந்தச் சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத சிரிப்பைப் போலப் பயம் தருவது வேறில்லை.

சனிக்கிழமை அம்மாவுக்கு அறிக்கை கொடுத்தேன்.

"குருவிதான் பாக்கிறார்."

"எங்க நிண்டு?"

"பூவரசடியில."

"எந்தப் பக்கம் பாக்கிறார்?"

"கடல் பக்கம். லோஞ்ச் போற பக்கம்."

"எப்ப எப்ப?"

சொன்னேன். சீப்பு என் தலையின் நடுவில் நின்றது. வெகுநேரம் நின்றது. சிக்கு ஒன்றுமில்லாத இடத்தில் ஏன் நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கப் போனேன். அம்மா என் தலையைப் பிடித்து முன்னுக்குத் திருப்பினாள்.

அடுத்த திங்கள் அவள் கறுப்புக் குடையை வைத்துவிட்டு மாமியிடம் சிவப்புக் குடையை இரவல் வாங்கினாள். அது தேருக்கு மட்டும் மாமி விரிக்கும் குடை. பள்ளிக்கூடத்துக்கு என்னத்துக்கு மச்சாள் இந்தக் குடை என்று மாமி கேட்டதற்கு, கறுப்புக்கு வெயில் இழுக்குது என்றாள். நான் பூவரசடியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் இன்னும் பிறக்கவே இல்லை. லோஞ்ச் ஜெட்டியை விட்டுப் புறப்பட்டது, அதன் பின்பக்கத்தில் சிவப்பாக ஒன்று விரிந்தது, செவ்வரத்தம்பூ அளவு, பிறகு குன்றிமணி அளவு. முனையைத் தாண்டியதும் சின்னச் சாமானுக்குள் அது கரைந்துபோனது. கரைந்த பிறகும் அப்பா கையை இறக்கவில்லை. திடலில் ஒரு உள்ளானும் இருக்கவில்லை. அன்று கொப்பியில் எழுதினார்: செம்பருந்து, ஒன்று.

நான் வானத்தை முழுக்கத் தேடினேன். செம்பருந்து எங்கே?

இப்போது என் சந்தேகம் அம்மாவின்மேலும் தாவியது. வெயிலில்லாத நேரத்தில் குடை. சிவப்புக் குடை. அப்பா பார்க்கும் திசையில் சிவப்புக் குடை. இது அடையாளம் காட்டுவது. இருவரும் கூட்டு. வீட்டில் ஒருவரோடொருவர் முகம்கொடுத்துக் கதைக்காதது வெளிப்பார்வைக்கு. பதினொரு வயதில் என் மூளை அவ்வளவு கூராக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தி.

மார்கழி பிறந்தது. வாடைக் காற்று குடாவுக்குள் இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை லோஞ்ச் வரவில்லை.

மூன்று மணிக்கு வரவேண்டியது. நான்கு ஆயிற்று. மாமி தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு வேலிக்கு வந்தாள், "கடல் பொல்லாதாம் தம்பி, ஜெட்டியில சனம் நிக்குதாம்" என்றாள், அப்பா திரும்பவே இல்லை. குடா முழுதும் சாம்பல். சின்னச் சாமானுக்குள் வெள்ளை நுரைகள் தோன்றி மறைந்தன, ஒவ்வொரு நுரையும் லோஞ்சாகத் தொடங்கி நுரையாக முடிந்தது.

"அங்க வெள்ளையா என்னவோ. பிள்ளை, நீ பார். உனக்குத் தெரியும். லோஞ்சோ?"

வாங்கிப் பார்த்தேன். கஞ்சி. திருகை இங்கும் அங்கும் திருப்பினேன். கஞ்சி. பெரிய சாமானாக இருந்திருந்தால் அலையின் முதுகைக்கூட எண்ணியிருப்பேன் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவின் கை என் தோளில் இருந்தது.

"தெரியேல்லை அப்பா." இம்முறை அது உண்மை. முதல் தடவை சொன்ன பொய்யும் இரண்டாம் தடவை சொன்ன உண்மையும் ஒரே சொல்லாக இருந்தன.

பின்னால் சப்பாத்துச் சத்தம். பருமுகக்காரன் சென்றியை விட்டு ஏறி வந்திருந்தான், மழைச்சட்டையோடு, கழுத்தில் தங்கள் சாமானோடு. மாமி வேலிக்குப் பின்னால் மறைந்தாள். அவன் அப்பாவின் பக்கத்தில் நின்று சாமானைக் கண்ணில் வைத்துக் குடாவைப் பார்த்தான். அவனும் வெகுநேரம் பார்த்தான். முகத்தில் மழை ஓடியது, துடைக்கவில்லை.

"மாத்தயா," என்றான் கடைசியில், கண்ணை எடுக்காமலே. "குருவி வாறது."

அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

"லோஞ்ச் வாறது. மெதுவா வாறது. சிவப்புக் குடை இருக்கு."

அப்பா அந்த ஈரப்பாறையில் அப்படியே குந்திவிட்டார். அவன் தன் கழுத்திலிருந்து சாமானைக் கழற்றினான், ஒருமுறை கீழே சென்றிப் பக்கம் பார்த்தான், பிறகு அப்பாவிடம் நீட்டினான். அப்பா அதைக் கண்ணில் வைத்தபோது அவரது மூக்குக்கண்ணாடி முழுதும் நீர். என்ன தெரிந்ததோ. "ஓம்," என்றார். "ஓம். ஓம்."

அம்மா தெப்பமாக நனைந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா கதிரையில் பேப்பரோடு இருந்தார். தலையை எடுக்கவில்லை. மேசையில் தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது. "ஆறப்போகுது," என்றார் பேப்பருக்கு. அம்மா குடித்தாள்.

எனக்கோ ஒரே ஒரு சொல் காதில் இரைந்துகொண்டிருந்தது. சிவப்புக் குடை. அவனுக்குக் குடையைப் பற்றித் தெரிந்திருக்கிறது. எத்தனை கிழமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ. அடையாளம் பிடிபட்டுவிட்டது. இனி அவர்கள் அம்மாவை ஜெட்டியில் பிடிப்பார்கள், அப்பாவைப் பூவரசடியில் பிடிப்பார்கள். இந்த வீட்டில் மூளையுள்ள ஒரே ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம், குடையை உரப்பையில் சுற்றி, கோழிக்கூட்டின் தகரத்துக்கும் ஓலைக்கும் நடுவில் செருகினேன். திங்கள் விடிய அம்மா அதைக் கதவு மூலையில் தேடினாள், அலுமாரிக்குப் பின்னால் தேடினாள், குசினியில் தேடினாள். லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது. மழை தூறியது. கறுப்புக் குடை அப்பாவின் அலுவலகத்தில் கிடந்தது. வாசலில் ஒருகணம் நின்று அப்பாவின் முதுகைப் பார்த்தாள். தலையில் ஒரு பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு மேடு இறங்கினாள்.

நான் வெற்றியோடு பூவரசடிக்குப் போனேன். லோஞ்ச் புறப்பட்டது. பின்பக்கத்தில் ஒரு நிறமும் விரியவில்லை. மழையின் நிறத்தில் சனம், சனத்தின் நிறத்தில் லோஞ்ச். அப்பா சாமானைக் கண்ணிலிருந்து எடுத்தார், சட்டை நுனியால் துடைத்தார், வைத்தார், எடுத்தார், மீண்டும் துடைத்தார். "பிள்ளை, உனக்குத் தெரியுதா?" என்று கேட்டார்.

"என்னத்தை அப்பா?"

அவர் கொப்பியை எடுத்து விரித்தார்.

அடுத்த வருடம் அம்மாவுக்கு ஊருக்கே மாற்றம் வந்தது. அந்தக் கிழமையோடு அப்பாவின் குருவிகளும் ஓய்வு பெற்றன. இப்போது பாலங்கள் வந்துவிட்டன, மூதூருக்கு பஸ்ஸில் போகலாம். அம்மாவும் அப்பாவும் ஒரே மர வாங்கிலின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார்கள், யாருடைய தேத்தண்ணி ஆறுகிறது என்று வாதாடுகிறார்கள். நான் சொன்ன பொய்யை இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை. குடையை எலி தின்றது என்றுதான் மாமி சாகும்வரை நம்பினாள்.

போன வருடம் அலுமாரியை ஒதுக்கும்போது அந்தக் கொப்பி அகப்பட்டது. மட்டை போட்டது, ஓரம் கோடிட்டது. திங்கள், வெள்ளி, திங்கள், வெள்ளி. உள்ளான் பதினான்கு. நீர்க்காகம் மூன்று. செம்பருந்து ஒன்று, செம்பருந்து ஒன்று, செம்பருந்து ஒன்று என்று பல கிழமைகள். பிறகு மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, அப்பாவின் வெட்டுத் திருத்தமில்லாத எழுத்தில்: 'ஒன்றும் தெரியவில்லை.'

அதன் கீழும் சென்றிக்காரன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.